ஈரப்பதம்

பொங்கலன்று வைத்தது.
மொச்சை, பரங்கி, அவரை, வாழைக்காய், சேம்பு,
கொல்லையில் காய்த்த நாலே நாலு கத்திரிக்காய்,
ரெஜினா கொடுத்த சர்க்கரைவள்ளியில் பாதி.
பத்துப் பேருக்குக் காணும் என்று கூட்டிய குழம்பு.
இலையில் உட்கார்ந்தது மூன்று பேர்.
மற்றவர்கள் நெல்லோடு இருந்தார்கள்.

கொள்முதல் நிலைய வாசலில்
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரிசையாய்க் குவியல்கள்.
எங்களுடையது பதினோராவது.
கைப்பிடி நெல்லைக் கருவியில் போட்டு
பட்டியல் எழுத்தர் சொன்னார்:
இருபத்தொன்று புள்ளி நாலு.
பதினேழுக்கு வந்தா கூப்பிடுங்க.
கூப்பிடுவதற்கு அவர் எங்கும் போகவில்லை,
மப்ளரால் காதைக் கட்டிக்கொண்டு
அதே நாற்காலியில்தான் இருந்தார்.

தைப் பனி இந்த வருஷம் எட்டரை வரை விலகவில்லை.
விலகியதும் தார்ப்பாயை உருவி,
நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாய்த் துழாவி,
நாலு மணிக்கு மறுபடி குவித்து மூடி
பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார் செங்குட்டுவன்.
இருமல் மட்டும் வீட்டுக்கு வருகிறது, போனில்.

இரண்டாம் நாள் குழம்பைச் சுட வைத்தேன்.
மாட்டுப்பொங்கல் பூசணிக் கூட்டு மிச்சம்,
அதிலேயே.
எதிர்வீட்டிலிருந்து வந்த வாழைத்தண்டுப் பொரியல்,
அதுவும் அதிலேயே.
மூன்றாம் நாள் கிள்ளிப்போட்ட மிளகாய், ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய்.
கேஸ் தீரப்போகிறது. கொல்லையில் கருவமுள்ளை எரித்து
மண்சட்டியை இறக்காமல் விட்டேன்.
நாலாம் நாள் கரண்டியை நட்டால் நின்றது.
பரங்கி எது, பூசணி எது என்று
இனிமேல் யாரும் கேட்கக்கூடாது.
மொச்சை மட்டும்
தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தது.

பதம் என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்:
விரலில் ஒட்டணும், வழியக்கூடாது.
புள்ளி நாலு, புள்ளி ரெண்டெல்லாம் இதற்குக் கிடையாது.

இருமலுக்கு வேலியில் தூதுவளை பறித்து,
முள் ஆய்ந்து, மிளகோடு தட்டி
நொய்க்கஞ்சியில் போட்டேன்.
தூக்குவாளியைத் துண்டால் சுற்றி
வண்டியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.
பாமணியாற்றுப் பாலத்தில்
பால்காரரின் விளக்கு முதலில் வந்தது.
கொஞ்சம் கழித்துப் பால்காரர் வந்தார்.

மூடியைத் திறந்ததும் நாற்காலி திரும்பியது.
'என்னக்கா அது, அல்வா மாதிரி?'
எரிச்ச குழம்பு தம்பி. அஞ்சு நாள் பழசு.
அவருக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம்.
பத்து நாளாய்ப் பரோட்டாவாம்.
இலைக் கிழிசலில் ஓர் உருண்டை வைத்தேன்.
மொச்சையை எண்ணி எண்ணித் தின்றார்.
விரலை நக்கி, பேன்ட்டில் துடைத்து,
நாங்கள் கேட்காமலே கருவியை எடுத்துவந்தார்.
செங்குட்டுவன் என்னைப் பார்த்தார்.
நான் நெல்லைப் பார்த்தேன்.
பதினெட்டு புள்ளி ரெண்டு.
'இன்னும் ஒரு வெயில்க்கா.'
அவர் முகம் சுண்டிப்போனது.
எனக்கு என்னவோ
அந்தப் பையனைப் பிடித்துப்போனது.

மறுநாள் வெயில் வந்தது. பிசுக்கில்லாத வெயில்.
மதியம் போன்: பதினாறு புள்ளி ஒன்பது!
ரெஜினா வீட்டுக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன் போல,
அவளும் ஓடிவந்தாள்,
அவளுடைய குவியல் பதினான்காவது.

சட்டியைக் கழுவப் போனேன்.
அடியில் ஒரு கைப்பிடி, கறுத்து ஒட்டியிருந்தது.
சுடுசோற்றை அதிலேயே போட்டுப் பிரட்டி
நின்றபடியே தின்றுவிடலாம்.
இத்தனை நாள் நானும்தானே காவல் காத்தேன்.
சோற்றை எடுக்கத் திரும்பியபோது
மறுபடி போன்.

நெல்லு சரியாம். சாக்கு இல்லையாம்.
ராத்திரி லாரி வரும் என்கிறார்களாம்,
காலையில் என்கிறார்களாம்.
'பனி எறங்கிடுச்சு, மூடிட்டேன்.'
இருமினார்.
'சாப்பிட என்ன இருக்கு?'

இருக்கு என்றேன்.
சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு
மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.