கடைமடை

ஒரே நோய், ஒரே ஊசி.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
அடுத்தடுத்த நாற்காலி.
சங்கரவடிவுக்குப் பெருங்குடலில்;
ஆறாம் வாரம் புண் காய்ந்து
பேட்டை பஸ் ஏறிவிட்டாள்.
எனக்கோ
சிறுகுடல் முடிகிற இடம்.
"அங்கன மருந்து லேசுல கேக்காது"
என்றார் டாக்டர்,
படத்தில் நூலாய் இளைத்த பாதையைப்
பேனாவால் தொட்டு.

இருபது வருசமாய்ப் பாளையங்கால்வாயில்
மடை திறந்து மூடுகிற லஸ்கர் நான்.
ஒவ்வொரு பிசானத்துக்கும்
நொச்சிகுளத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள்:
"எங்களுக்கு மட்டும் ஏன்வே எட்டல?"
அணையில் திறந்த அளவு
இந்தா இருக்கு என்று
நோட்டை நீட்டுவேன்.
பயிர் நோட்டு படிக்காது.

ஒரு சாண் வெட்டி இணைக்கணுமாம்.
கையெழுத்துப் போடுமுன் கேட்டேன்,
அவர்கள் குரலிலேயே.
டாக்டர்
ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.