குதிரைக்கு எழுதிய அளவு

நிலாவெளி, பத்தாம் கட்டை தாண்டி
கூரை போன வீடொன்றின் அரைச்சுவர் ஓரம்
அது நின்றது.
கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள்.
சுவரைக் கெடுத்தது யார் என்று
பழமொழி கேட்பதில்லை.

"ஒண்டுமில்ல மிஸ். மூணு நாளா
சும்மா நிக்குது" என்றார் லாபீர்.
மூன்று நாளாய்க் கச்சான் வீசுகிறது.
மூன்று நாளாய் முன்னங்கால் ஒன்றை
மண்ணில் வைப்பதுபோல் வைத்து
வைக்காமல் நிற்கிறது.
கத்தவில்லை. படுக்கவில்லை.
வாளிக்குள் வாயை விட்டுத்
தின்பதுபோல் அசைக்கிறது;
தவிடு குறையவில்லை.

நாய் என்றால் ஊளையிடும்.
மாடு பல்லை நெரிக்கும்.
குதிரை, படிக்கிற காலத்தில் நான் பார்த்த ஒரே குதிரை,
வியர்த்து, உருண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து
ஊரையே கூட்டியது.
இது காதை மட்டும் கொஞ்சம் சாய்த்திருந்தது,
பக்கத்து வளவு ரேடியோவில்
செய்தி கேட்பதுபோல.

பதிவேட்டில், இனம்: கழுதை.
பெயர்?
"பேரா? கழுதைதான்."
பெயர்: கழுதை.

மருந்துக் கைநூலில்
குதிரைக்கு ஒரு நிரல், மாட்டுக்கு, ஆட்டுக்கு, நாய்க்கு,
கிளிக்குக்கூட ஒன்று.
இதற்கில்லை.
ஓரத்தில் பென்சிலால் நான் எழுதி வைத்தவைதான்:
மயக்கம் கொஞ்சம் கூட வேண்டும்.
வலிமருந்து சீக்கிரம் கரைந்துபோகும்,
குதிரையின் நாளை நம்பாதே.
கழுத்துத் தோலுக்கடியில் தசை தடிப்பு,
ஊசியைச் சரிக்காதே, நிமிர்த்திப் பிடி.

பவளராசா அதன் சோடியை
அப்பால் இழுத்துக்கொண்டு போனான்.
விடு, என்றேன்.
அது தானாய் வந்து
தோளோடு தோள் நின்றது.

ஊசி.
பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்,
அதுதான் பெரிய வேலை.
புறாத்தீவுக்கு ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.
கீழுதடு தொங்கியது. தலை மெல்ல
முழங்கால்வரை இறங்கியது,
கிணற்றில் விழுந்த எதையோ தேடுவதுபோல.
"மௌத்தாப் போச்சா?" லாபீரின் மகன்.
இல்லை. கேட்கும். சத்தம் போடாதே.
பின்னால் நிற்காதே, இப்போதும் உதைக்கும்.

குளம்பைச் சீவினேன்.
கறுப்பாய் ஒரு புள்ளி.
புள்ளியின் பின்னாலேயே போக
கூரைத்தகட்டு ஆணி, முறிந்தது, அரை விரல் நீளம்.
அதன் பின்னால்
சாம்பல் நிறச் சீழ்.
எல்லாரும் மூக்கைப் பொத்தினோம்.
லாபீர் பொத்தவில்லை.
ஆணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
"இதோடயா..." என்றார்.
போன கிழமை முழுக்க
உப்பளத்துக்கும் றோட்டுக்கும் இடையே
அதன் முதுகில் மூட்டை ஏற்றியவர் அவர்தான்.
வசனத்தை முடிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வலிக்கு இன்னொரு ஊசி போட்டுக்
காலைக் கட்டி விட்டேன்.

இரவு எட்டரைக்கு
அடுத்த ஊசியோடு திரும்பினேன்.
கைநூலின்படி அது நாளைக் காலைக்கு உரியது.
டோர்ச்சைப் பிடித்துக் காலைத் தொட்டதும்
உதைத்தது.
டோர்ச் சுவரில் பட்டு அணைந்தது.
"குறை நினைக்காதீங்க மிஸ், இது ஒருநாளும்
இப்படிச் செஞ்சதில்ல" என்றார் லாபீர்.
முழங்கையைத் தடவிக்கொண்டு
பரவாயில்லை என்றேன்.

இருட்டுக்குள் தவிடு மெல்லும் சத்தம்.
ஒரு வாயா, இரண்டா?
காற்று ஓயும்வரை
காதைக் கொடுத்து நின்றோம்.

இரண்டு.