ஏழாம் அட்டை

ஏழாம் அட்டையில் ஒரு கண்ணாடி டம்ளர்,
முக்கால்வரை நீலம்.
தண்ணீர் நீலமாக இருக்காது என்று
இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.
எனக்கும் தோன்றியதில்லை.

"இது என்ன?"
பதினைந்து விநாடி.
ஸ்டாப்வாட்சை மடியில் மறைத்துக்கொள்ள வேண்டும்,
பார்த்தால் பயந்துவிடுவார்கள்
என்கிறது விதிமுறைப் புத்தகம்.

வியோலாவுக்கு அப்போது ஆறு வயது.
பிப்ரவரி மாதம். ரப்பர் பூட்ஸ், இரண்டும் இடது கால்.
ஓடைக்கு அந்தப்புறம் ரோமா குடியிருப்பிலிருந்து
பனிச்சேற்றில் நடந்து வந்திருந்தாள்.
குடைக்குப் பதில் இல்லை.
பூட்டுக்கு உதட்டைக் கடித்தாள்.
சேவலைப் பார்த்துச் சிரித்தாள்,
சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.
ஏழாவதைத் திருப்பியதும்
நாற்காலி நுனிக்கு வந்து
பளிச்சென்று சொன்னாள்:
"பானி."

எங்கள் ஸ்லோவாக் மொழியில் பானி என்றால் அம்மணி.
மருந்துக்கடைக்காரி, பல் டாக்டர்,
பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவள், நான்,
எல்லோரும் பானி.
"சொல்லம்மா" என்றேன்.
"பானி" என்றாள்.
"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லு."
"பானி!"
விரலை அட்டைமேல் ஊன்றி,
காது கேளாதவளிடம் பேசுவதுபோல்
குரலைக் கூட்டி இன்னொரு தரம்.
மடியில் கடிகாரம் துடித்து நின்றது.
எழுதினேன்:
மரியாதை தெரிந்த குழந்தை. பதில் இல்லை. பூஜ்ஜியம்.

அந்த ஒரு அட்டையால்தான் அவள்
பச்சைக் கட்டடத்து ஸ்பெஷல் பள்ளிக்குப் போனாள்
என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஒன்பது மதிப்பெண் குறைந்தது.
மற்ற எட்டும் எங்கே போயின என்று
யாரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த வருடம் ஜூன். பாலத்தருகே என் கார்
ஆவி கக்கி நின்றது.
குழாயடியில் நின்ற ஓர் ஆள்
மகனைப் பார்த்துக் கத்தினான்: "பானி ஆன்!"
நான் "என்ன?" என்று திரும்பினேன்.
பையன் என்னைப் பார்க்கவே இல்லை.
முட்டைக்கோஸ் ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு
குழாய்க்கு ஓடினான்.
ரேடியேட்டருக்குள் ஊற்றினார்கள்.
சீறல் அடங்கும்வரை
கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அந்த ஆள் கேட்டான்:
"பானி, உடம்புக்கு ஏதாவதா?"
அது நான்.
முன்னது தண்ணீர்.

பழைய கோப்புகளை இறக்கினேன்.
மரியாதை தெரிந்த குழந்தை,
என் கையெழுத்தில், பதினோரு இடத்தில்.
அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் பணிவைப் பற்றி
மாவட்டக் கூட்டத்தில்
ஒருமுறை பாராட்டிப் பேசியும் இருக்கிறேன்.
கைதட்டினார்கள்.

இயக்குநர் பாவ்லீகோவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பரீட்சை ஸ்லோவாக்கில்.
ரோமானியில் சொன்னாலும் பூஜ்ஜியம்,
சொல்லாவிட்டாலும் பூஜ்ஜியம்.
எதைத் திருத்தச் சொல்கிறீர்கள்?"
"'பதில் இல்லை' என்பதை" என்றேன்.
அதற்குப் படிவம் இல்லையாம்.
பென்சிலால் அடித்தேன், பதினொன்றையும்.
பேனாவுக்குத் தைரியம் வரவில்லை.

மறுமதிப்பீட்டுக்கு வந்தபோது வியோலாவுக்கு ஒன்பது.
பூட்ஸ் ஜோடி சரியாக இருந்தது.
அதே அட்டை, முனை மழுங்கியிருந்தது.
கேட்டு முடிக்கும் முன்பே,
"வோதா" என்றாள்.
சுத்தமான ஸ்லோவாக் தண்ணீர்.
டிக் போட்டேன்.

பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு
மேஜைமேல் இருந்த ஜாடியைக் காட்டி,
வரும் வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்த
அந்த ஒரு சொல்லைச் சொன்னேன்:
"பானி."

வந்திருக்கிற அம்மணி யார் என்று
அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.