மூன்றரையும் எட்டும்

அல் ராய் வெள்ளிச் சந்தையில்
கழற்றிய ஏசிகளுக்கும் கிளிக்கூண்டுகளுக்கும் நடுவே
ரிஃபாத் விரித்த தார்ப்பாயில்
இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்.
எவனோ விளையாடித் தீர்த்தவை.
ஜிடிஎக்ஸ் 970, பதினாறு தினார்.
ஆர்9 390, பதினெட்டு.
விசிறியைச் சுண்டிப் பார்த்தேன், இரண்டும் சுற்றின.
ஒரு வாரம் ஓட்டு, பிடிக்காவிட்டால் கொண்டு வா என்றான்
பாதி வாயால், பாதி கையால்.
நான் யோசித்து முடிப்பதற்குள்
சிலுவைதாசன் இரண்டுக்கும் காசை எண்ணிக் கொடுத்துவிட்டார்.

பெட்டி இல்லை, தாள் இல்லை,
பஸ்ஸில் வரும்போது விவரம் நான் சொன்னேன்.
970க்கு நூற்று நாற்பத்தைந்து வாட், நாலு ஜிபி.
390க்கு இருநூற்று எழுபத்தைந்து வாட், எட்டு ஜிபி.
"எட்டுதான பெரிசு, அப்புறம் என்ன பேச்சு?"
"வண்டி பெரிசு. டீசலும் அப்படிக் குடிக்கும்."
அது அவருக்கு உடனே புரிந்தது.

அந்த நாலிலும் ஒரு சங்கதி உண்டு.
மூன்றரை பறக்கும்.
கடைசி அரை கணக்குக்கு இருக்கும்,
தொட்டால் திரை திக்கும்.
பர்வானியாவில் எங்கள் அறையை
ஆறு கட்டில் என்று சொல்லித்தான் விட்டார்கள்.
ஆறாவது குளியலறைக் கதவை ஒட்டி.
ஏசிக் காற்று ஐந்தாவதோடு திரும்பிவிடும்.
அதில்தான் நான் படுக்கிறேன்.
அந்த அரை ஜிபியைப் பற்றி
நான் ஒன்றும் குறை சொல்லமாட்டேன்.

பகலெல்லாம் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற மனிதர்
ராத்திரி என் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவார்.
"ஓவர்டைம் உண்டாண்ணே?" என்பான் கலீலுர்.
அவருக்கு வேண்டியது மழை.
சால்மி ரோட்டில் பதினோரு வருஷம்,
கண்ணாடியில் விழுந்தது பெரும்பாலும் மணல்.
விளையாட்டில் வைப்பரை
மூன்று வேகத்திலும் போட்டுப் பார்ப்பார்.

ஆகவே சோதனை:
ஒரே ரோடு, ஒரே மழை, பத்துப் பத்து நிமிஷம்.
டயர்க் கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்தேன்.
390, நொடிக்கு அறுபத்தொரு பிரேம், சூடு எண்பத்து மூன்று.
970, ஐம்பத்தெட்டு, சூடு அறுபத்தொன்பது.
மூன்று பிரேம்தான் வித்தியாசம்.
ஆனால் மழையை முழுசாகக் கூட்டியபோது
970இல் லாரி ஒரு கணம் செத்து
நாலு மீட்டர் தள்ளி உயிர்த்தது.
"ஏர் பிரேக்ல காத்து எறங்கின மாதிரி" என்றார்,
கோபமில்லாமல்.

அது ஜனவரி.
வெளியே ஆறு டிகிரி, அறையில் ஹீட்டர் கிடையாது.
390ஐ மாட்டினோம்.
பெட்டியின் முதுகில் ஐந்து ஜோடிக் காலுறை காய்ந்தது.
நடுராத்திரி, அவர் எங்கோ நனைந்த மலைப்பாதையில் இறங்கும்போது
அந்தச் சூடு மெல்ல
ஆறாவது கட்டில் வரைக்கும் வந்தது.
வாட் கணக்கை அதற்குப் பிறகு நான் பேசவில்லை.
கெட்டிலும் அதுவும் ஒன்றாய் ஓடினால் மட்டும்
பிரேக்கர் விழும்.
இருட்டில் கலீலுர் கத்துவான்:
யாருடா டீ போட்டது,
யாருடா மழை போட்டது!

மே மாதம் நாற்பத்தேழு.
ஐந்து கட்டில்காரர்களும் ஒரே குரலில் எழுந்தார்கள்.
ஏசி ஒரு பக்கம் இறைக்க
இது ஒரு பக்கம் ஊற்றுகிறது என்று.
நியாயம்தான்.
ஸ்க்ரூ இரண்டு, பவர் ஒயர் இரண்டு, ஐந்து நிமிஷ வேலை,
970 உள்ளே போனது.
மழையை நடுத்தரத்துக்குக் குறைத்தோம்,
மூன்றரைக்குள் அடங்குகிற மழை.

ரிஃபாத் சொன்ன ஒரு வாரம் என்றைக்கோ போயிற்று.
390இன் தூசியை பிரஷ்ஷால் தட்டி
கம்பளிப் போர்வையின் உள்மடிப்பில் சுற்றி
என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"கடைசில எதுதாண்ணே நல்ல கார்டு?" என்றான் கலீலுர்.
சிலுவைதாசன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"எந்த மாசத்துக்கு?" என்று கேட்டுவிட்டு
வைப்பரைப் போட்டார்.