கிளை பிரியும் இடம்

சீ ஆற்றுப் பாலத்தின் மேல்
மரவள்ளி மூட்டைகளோடு பிக்கப் ஓட்டிவந்தான் தோங்பை.
முன்கண்ணாடியில் இரண்டு மஞ்சள் கண்கள்.
வெயில், என்றான்.
வீடு வந்து சேர்ந்தும்
அந்த வெயில் இறங்கவில்லை.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாம்.
கேட்டுப் பார்த்தேன்.
சோறு வெள்ளை, கோயில் சுவர் வெள்ளை,
உன் பல்லும் ஏதோ வெள்ளைதான் புவாலாய், என்றான்.
மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தது
நான் ஒருத்திதான்.

ராத்திரியெல்லாம் சொறிவான்.
தடிப்பு இல்லை, பூச்சி கடித்த தடம் இல்லை.
வேலிக்கம்பில் மாடு தேய்ப்பதுபோல்
கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பான்.
சிறுநீர் கட்டங்காப்பி.
மலம் சுண்ணாம்பு.
இதை எந்த வாயால் சொல்வது என்று
மூன்று வாரம் ஓட்டினோம்.

கோன் கென் ஆஸ்பத்திரியில் டாக்டர் நத்தயா
பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு
ஒரு மரம் வரைந்தாள், தலைகீழாக.
ஈரலின் வலப்பக்கமிருந்து ஒரு கிளை,
இடப்பக்கமிருந்து ஒரு கிளை,
இரண்டும் கூடி அடிமரமாகிக்
குடலுக்கு இறங்குகிறது பித்தம்.
கூடும் இடத்தில் பேனாவை வைத்து அழுத்தினாள்.
மை ஊறிப் பரவியது.
"ஒரு புளியங்கொட்டைதான்.
ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கிறது."

பிறகு, தலை நிமிராமல்:
"பச்சை மீன் சாப்பிடுவீர்களா?"

வயல் வற்றும் மாதத்தில்
துள்ளும் கெண்டையைக் கொத்தி
வறுத்த அரிசிப்பொடி, மிளகாய், சிவப்பெறும்பு சேர்த்து
எலுமிச்சையைப் பிழிந்தால்
சதை வெளுக்கும்.
வெளுத்தால் வெந்துவிட்டது என்று
முப்பத்தொரு வருஷம் நம்பிய கை இது.
புழுவுக்கு அந்தச் சேதி எட்டவில்லை.
நெல்மணி நீளம், இலைபோல் தட்டை,
பித்தக்குழாயில் வருஷக்கணக்காய்
வாடகை இல்லாமல் குடியிருக்குமாம்.

விலாவுக்குள் ஊசி இறக்கி
இடப்பக்கக் கிளையில் குழாய் வைத்தார்கள்.
தொங்கும் பையில் பித்தம் வந்து விழுந்தது.
மரவள்ளி எடை எழுதும் நோட்டிலேயே எழுதினேன்:
திங்கள் 380. செவ்வாய் 420.
புதன், பை கசிந்தது, தெரியாது.
"கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்றான்.
சிரித்தால் தையல் வலிக்கும்;
சிரித்தோம்.

வெட்ட வேண்டியது வலது ஈரல்.
மிஞ்சப்போகும் இடது, நூற்றுக்கு இருபத்தேழு.
போதாது, என்றாள் நத்தயா.
வலப்பக்கம் போகும் ரத்தக்குழாயை
உள்ளிருந்தபடியே அடைத்தார்கள்.
மடையை மறித்தால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் ஏறும்.
அதுபோலத்தானே? என்று தோங்பை கேட்டான்.
அவள் முதல்முறையாக நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.
நாலு வாரம் காத்திருந்தோம்.
முப்பத்தொன்பது.
எங்கள் வீட்டில் அந்த வருஷம்
நன்றாக விளைந்தது அது ஒன்றுதான்.

பதினோரு மணிநேரம்.
நடைபாதையில் பாய் விரித்திருந்த பெண்கள்
ரோய் எட், கலசின், மகாசரகம் பக்கத்தவர்கள்.
ஒட்டரிசிக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.
எந்த ஊர், எத்தனை பிள்ளை,
எத்தனையாம் நாள் கண் மஞ்சளானது, எல்லாம் பேசினோம்.
யார் சமைத்தது என்று மட்டும்
யாரும் யாரையும் கேட்கவில்லை.

புளியங்கொட்டை போய்விட்டது.
அறிக்கையில் ஒரு வரி:
வெட்டிய விளிம்பில் சில செல்கள்.
"சில என்றால்?"
"அதைத்தான் மாத்திரை பார்த்துக்கொள்ளும்,
பார்த்துக்கொள்ளலாம்," என்றாள்.
இரண்டு சொற்களுக்கும் நடுவில்
அவள் விட்ட மூச்சை
நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆறு மாத மாத்திரை.
உள்ளங்கை உரிகிறது, ஸ்டியரிங் பிடிக்க முடிவதில்லை.
இப்போது நான் ஓட்டுகிறேன்.
அண்ணன் மகன் துறவு பூணும் விருந்தில்
பச்சை மீன் தட்டு வந்தது.
தட்டோடு அடுப்படிக்குப் போய்
காய்ந்த சட்டியில் கொட்டினேன்.
அந்தச் சத்தத்தில்
பந்தியே திரும்பிப் பார்த்தது.
"கெடுத்துட்டியே," என்றார் மைத்துனர்.
தோங்பைதான் முதலில் கை நீட்டினான்.

இன்று அவனுக்குப் பரிசோதனை நாள்.
எல்லாம் முடிந்து எழுந்தபோது
நத்தயா என்னைப் பார்த்தாள்.
"நீங்களும் அதே தட்டில்தானே?"

ஜெல் குளிர்ந்தது.
திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார்கள்.
அவன் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
அவள் முகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தான்.