புயல் மாதிரி

மூஃபியா மேட்டில், பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
நாற்பது கணினிகளுக்கு நான் காவல்.
கணக்குப் போடுவது என் வேலையில்லை.
யாருடைய கணக்கு முதலில் ஓடும்,
யாருடையது காத்திருக்கும் என்பது மட்டும்.

திரையில் வரிசை:
யானுடைய புயல், ஐம்பது பிரதி.
செவ்ரின் பயேயின் காய்ச்சல்.
ஃபப்ரிஸ் ரங்கசாமியின் எரிமலைக்குள் ஏறும் குழம்பு.
யாரோ ஓர் ஆய்வு மாணவியின் பவளக் குஞ்சுகள்,
செவ்வாய்க்கிழமையிலிருந்து கடலில் மிதந்தபடி.

இதற்கெல்லாம் உன் மொழியில் என்ன பேர் என்று
செவ்ரின் ஒருமுறை கேட்டாள்.
மாதிரி என்றேன்.
மழை வர்ற மாதிரி இருக்கு என்பதிலும் அதுதான்,
காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு என்பதிலும் அதுதான்.
அப்படியானால் உங்களுக்கு
முன்னறிவிப்பும் சந்தேகமும் ஒன்றா என்றாள்.
அதற்குள் காப்பி இயந்திரம் என் சில்லறையை விழுங்கிவிட்டது.
அதைத் தட்டிக்கொண்டிருந்ததில் பதில் சொல்லவில்லை.

அவளுடைய தீவில் மூன்றே பெட்டிகள்.
வரக்கூடியவர், வந்தவர், தேறியவர்.
ஒன்பது லட்சம் பேரும் அதற்குள்.
போன மார்ச்சில் இரண்டாவதில் ஒன்பது நாள் கிடந்தேன்.
இப்போது மூன்றாவதில்.
தேறியவளுக்கு இன்னமும்
விசைப்பலகையில் கை வைத்தால் மணிக்கட்டு வலிக்கிறது.
இதற்கு நாலாவதாக ஒரு பெட்டி போடேன் என்றேன்.
தரவு இல்லை என்றாள்.

ஃபப்ரிஸ் கணினியை முழுக்க நம்பாதவன்.
மீன் தொட்டியில் ஜெலட்டின் உறையவைத்து
அடியிலிருந்து ஊசியால் சிவப்புச் சாயம் ஏற்றுவான்.
சாயம் நிமிர்ந்து ஏறும், பாதியில் யோசிக்கும்,
பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போகும்.
பார், மலைக்கும் இதே பிடிவாதம் என்பான்,
கை நிறைய ஒட்டும் ஜெல்லியோடு.

ஒருநாள் யானுடைய புயல் தப்பாகச் சுழன்றது.
இடஞ்சுழி.
காரைக்காலில் பிறந்த எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.
எங்கள் ஊர்ப் புயல் அப்படித்தான் வரும்.
அரைநாள் தேடி அவன் கண்டுபிடித்தது
அட்சரேகை இருபத்தொன்றுக்கு முன்னால்
விட்டுப்போன ஒரு கழித்தல் குறி.
போட்டான். தெற்காயிற்று, வலஞ்சுழியாயிற்று.
குறியில்லாத இடத்தை நான் வரைபடத்தில் தேடிப் பார்த்தேன்.
ஓமான். மணல்.

பிப்ரவரியில் சிவப்பு எச்சரிக்கை. வெளியே போகத் தடை.
இரவு பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போனது.
டீசல் அரைத் தொட்டி.
கணினிகளில் பாதியை அணைத்தாக வேண்டும்.
புயலுக்கே முன்னுரிமை என்கிறது சுவரில் ஒட்டிய தாள்.
கூரைத் தகரம் ஒன்று
கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே உருண்டு போகிற சத்தம்.
வாசலுக்கே வந்துவிட்டவனுக்கு எதற்கு ஜாதகம்?
ஐம்பது புயலையும் நிறுத்தினேன்.
காய்ச்சலை ஓடவிட்டேன்.
மழை விட்டு மூன்று வாரம் கழித்து வருவது அது.
அதற்குத்தான் இன்னும் நேரம் இருந்தது.

யான் தொலைபேசியில் கத்தினான்.
கத்தி முடித்துத் தணிந்த குரலில், ஐம்பதில் எது, என்றான்.
பன்னிரண்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில்
யாரும் வரையாத பாதையில் என்றேன்.
அவனுடைய கட்டம் ஒன்று இரண்டு கிலோமீட்டர்.
அதற்குள் எல்லோருக்கும் ஒரே காற்று,
எனக்கும், படிக்கட்டின் கீழே ஒண்டிய நாய்க்கும்.
நாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடித்தது.

விடிந்தபோது ஜெலட்டின் உருகி
மேசை, நாற்காலி, தரை எல்லாம் சிவப்பு.
ஃபப்ரிஸ் வந்து, திட்டாமல், அதைப் படம் எடுத்துக்கொண்டான்.

பின்கதவைத் தள்ளித் திறந்தேன்.
சுவரோரம் பழைய டயர் ஒன்றில் விளிம்புவரை தண்ணீர்.
இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தேன், மணிக்கட்டு வலிக்க.
உள்ளே, செவ்ரினின் தீவில்,
அதே டயரில் கொசுக்கள் பிறந்துகொண்டிருந்தன.