குளிரேல்லை

இரவு இரண்டு இருபதுக்குத் தொலைபேசி.
வினிபெக், அவசரப் பிரிவு, நான்காம் படுக்கை.
மொழிபெயர்ப்பாளர் இலக்கத்தைச் சொல்லிவிட்டு
போர்வைக்குள் இருந்தபடியே வேலைக்குப் போனேன்.

வெளியே கழித்தல் முப்பத்தேழு.
கார்களுக்கும் வயர் செருகி
எஞ்சினுக்குச் சூடு கொடுத்து
உறங்கவைக்கும் ஊர் இது.

படுக்கையில் அருளம்பலம் குகநேசன், லொறி ஓட்டுபவர்.
பிரேக்டவுன் ஆகி, பிரண்டனுக்கு இந்தப் பக்கம்
மூன்று மணிநேரம் நின்றிருக்கிறார்.
ஒரு காலுறை நனைந்திருந்ததாம்.

டொக்டர் கேட்டார்.
நான் கேட்டேன்: ஐயா, குளிருதா?

"இப்ப குளிரேல்லை, பிள்ளை.
நல்ல சுகமாக் கிடக்கு."

சுகம் என்பதை ஆங்கிலத்தில் வைத்ததும்
மறுமுனையில் யாரோ ஓடும் சத்தம்.

லைனில் இருங்கள் என்றார்கள்.
பிப், பிப் என்று ஒரு கருவி.
சும்மா இருக்கத் தெரியாமல்
வீட்டிலுள்ள சொற்களைத் தட்டிப் பார்த்தேன்.

கூதல். தோளைக் குறுக்கினால் போய்விடும்.
சில்லென்பது பானையைத் தொட்ட விரலுக்கு.
நளிரை இப்போது யாரும் பாவிப்பதில்லை.
பனித்தல் என்றால் நடுங்குதல்,
கண் பனித்தால் மட்டும் அழுகை.
தண் என்றால் நிழல், ஆற்றங்கரை,
தண்ணளி என்றால்
அரசனே கொஞ்சம் இளகிவிட்டான்.

நிகண்டுக்காரரைக் கேட்டால்
குளிர் என்றால் நண்டு என்கிறார்.
தினைப்புனத்தில் கிளி விரட்டும் கருவி என்கிறார்.
குடமுழா. ஆடி மாதம். எதையும் விடவில்லை மனுசன்,
கால்விரலைக் கறுப்பாக்கும் ஒன்றைத் தவிர.

அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?
வெயிலில் பிறந்த பாஷை.
குளிரைக் கும்பிட்டுக் கேட்டு வாங்கியது.
கண் குளிரப் பார்த்தது, வயிறு குளிர உண்டது.
எங்கள் மட்டக்களப்பில்
கோபக்கார அம்மனுக்குக் குளிர்த்தி செய்வார்கள்,
தாயே ஆறிக்கொள், ஊரை எரிக்காதே என்று.

இங்கே தடுமனுக்கும் குளிர் என்றுதான் பெயர்,
இரக்கமில்லாதவனுக்கும் அதே பெயர்.
வரவேற்பு சூடாக இருக்க வேண்டுமாம்.
சூடான வரவேற்பென்றால் எங்கள் தெருவில்
பொலிஸ் வரும்.

மூன்று ஐந்து.
"ஐயோ எரியுது! குளிருது! அம்மா, எரியுது!"
இரண்டில் எது, என்றார் டொக்டர்.
இரண்டும், என்றேன்.
நல்லது, என்றார். மூச்சு விட்டதும் கேட்டது.

பிறகு மனைவியை இணைத்தார்கள்.
மார்க்கத்திலிருந்து தவயோகராணி.
கால் தப்பிவிட்டது,
இரண்டு விரல் மட்டும் சந்தேகம் என்று நான் சொன்னதும்
அடுப்பில் எதையோ அணைத்தார். இந்த நேரத்தில் என்ன சமையலோ.
"அந்த டொக்டர்த் தங்கச்சிக்குச் சொல்லுங்கோ,
என்ர மனம் குளிர்ந்திட்டுது."

எங்கள் தொழிலுக்கு ஒரு விதி:
கூட்டாதே, குறைக்காதே, சொன்னதை அப்படியே சொல்.
அப்படியே சொன்னால்
இந்தப் பெண்ணின் நெஞ்சு உறைந்துவிட்டது,
இனி யாரையும் அண்டவிடாது.
டொக்டர் காத்திருந்தார்.
நான் அந்த மனத்தை எடுத்து
வெதுவெதுப்பான ஓர் ஆங்கிலச் சொல்லில் இறக்கி
எதிர்ப்பக்கம் தள்ளினேன்.
டொக்டருக்குக் குரல் கொஞ்சம் கம்மியது.
சரியான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது
ஒரு பொய்.

அழைப்பு ஐம்பத்தொரு நிமிடம்.
படிவத்தில் ஒரு பெட்டி:
சொன்னதற்கும் பெயர்த்ததற்கும் வேறுபாடு இருந்ததா?
இல்லை என்று குறியிட்டேன்.

போர்வை விலகி
கால் வெளியே கிடந்திருக்கிறது.
விரல்களை ஒவ்வொன்றாய் அசைத்துப் பார்த்தேன்.
குளிருது.
நல்லது.